சூட்டுப்பெட்டிக்கு வைத்த சந்தனம்

சாக்கடைத் தண்ணீர் ஊற்றிய பாட்டில் கறுத்திருப்பதைப் பார்த்தால்தான் இன்றைக்கும் எனக்கு மூச்சு வருகிறது.

எங்கள் லேப்பில் ஊர்க் குடிநீரைச் சோதிப்பது பெரிய வித்தையில்லை. மருந்து போட்ட சின்ன பாட்டிலில் தண்ணீரை ஊற்றி, சூட்டுப்பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரியில் இரண்டு நாள் வைப்போம். கிருமி இருந்தால் கறுக்கும். கறுக்காவிட்டால் ‘குடிக்க உகந்தது’ என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன்.

ஐப்பசி மழையில் அக்கா போன் செய்தாள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அவள் ஊர்.

“டேங்க் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுடி. காய்ச்சிக் குடிக்கணுமா?”

“போன வாரம் உங்க டேங்க் தண்ணிய நானே பாத்தேன்க்கா. நல்லாருக்கு. சும்மா கேஸை வீணாக்காத.”

மூன்று நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். தெருவில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு. “உன் மிஷினுக்குக் கண்ணு தெரியுதாடி?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் வாயை அடைக்கவே லேப்புக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் ஒரு பாட்டில் பிடித்து, மற்றவற்றோடு வைத்தேன். கெட்டது என்று தெரிந்த தண்ணீரை ஒவ்வொரு முறையும் இப்படிக் கூட வைக்க வேண்டும், அது கறுத்தால்தான் சோதனை சரி என்பதுதான் விதி. நாறுகிறது என்று எங்கள் ஆபீசர் நிறுத்தச் சொன்னார். நானும் தலையாட்டியவள்தான்.

இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தேன். சாக்கடைத் தண்ணீர் கறுக்கவே இல்லை.

பெட்டியில் டிகிரி காட்டும் கண்ணாடியின் மேல் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. பூஜைக்கு வைத்ததை எப்படித் துடைப்பது என்று யாரும் தொடவில்லை. ரெஜிஸ்டரில் மட்டும் தினமும் முப்பத்தேழு என்று எழுதினோம். நகத்தால் சுரண்டினேன். அறுபத்தொன்று. பூஜைக்குப் பெட்டியைத் துடைத்தபோது சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு நகர்ந்திருக்கிறது. கிருமியை வேகவைத்துக் கொன்றுவிட்டு, தண்ணீர் நல்லது என்று எழுதியிருக்கிறோம். இத்தனை நாளும் எடுக்கும்போது பாட்டில்கள் கையைச் சுட்டன. மிஷின் ஜோராக வேலை செய்கிறது என்று நினைத்த முட்டாள் நான்.

ஆபீசரிடம் ஓடினேன்.

“இன்னையிலேர்ந்து சரியா வச்சாப் போச்சு. பழசைக் கிளறாதீங்கம்மா.”

“எங்க அக்கா புள்ளைங்க அதத்தான் சார் குடிக்குதுங்க. நீங்க ஒரு டம்ளர் குடிக்கிறீங்களா?”

ரெஜிஸ்டரைப் பிரித்தேன். ஆயுதபூஜையிலிருந்து அன்றுவரை எல்லாப் பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டு, என் கையெழுத்தின் மேலேயே ‘செல்லாது’ என்று எழுதினேன். பிறகு அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஏழாவது தடவை எடுத்தாள்.

“அக்கா, அந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க.”

“சின்னவனுக்கு ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏறுதுடி. நீ காய்ச்ச வேணாம்னியேன்னுதான் பச்சத் தண்ணியவே குடுத்தேன்.”

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை.

மேஜையில் தண்ணீர் அனுப்பிய ஊர்களின் பட்டியல் கிடந்தது. எல்லா ஊருக்கும் கையெழுத்துப் போட்டவள் நான். எந்த ஊரில் எந்தப் பிள்ளை படுத்திருக்கிறதோ. அடுத்த பஞ்சாயத்தின் நம்பரை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.