ஏழு மணிக்குத் தூங்கும் வீடுகள்

கேட்டின் சங்கிலிதான் முதலில் சத்தம் போடும். ஆட்டியது யார் என்பது அப்புறம்தான் தெரியும். வாட்ச்மேன் வேலையைக் கண்ணால் பார்க்கிற வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது முக்கால்வாசி காது வேலை. ஏடிஎம் வாசலிலும் அபார்ட்மென்ட் கேட்டிலும் ஊர் தூங்கும்போது உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டுகளில் பல வருஷ ராத்திரிகளைக் கழித்துவிட்டு, இப்போது ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் காவல். ஆறு மணிக்கு உள்ளே வந்தால் விடிந்துதான் வெளியே. எட்டாவதோடு நின்றவன் நான். அதனால் ரவுண்டு போகும்போது அழிக்காமல் விட்ட கரும்பலகைகளைப் படித்துக்கொண்டே போவேன். எல்லாம் நடுவில் தொடங்கி நடுவில் நின்றுவிடும் பாடங்கள். சில நாள் அதுவே மனசை என்னமோ செய்யும். எழுந்து இன்னொரு ரவுண்டு போய்விடுவேன்.

சங்கிலியை ஆட்டியவள்

ஒருநாள் ஏழு மணி வாக்கில் சங்கிலி ஆடியது. நாய் என்று நினைத்து டார்ச்சை அடித்தால், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஒரு பெண் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பெயர் ஜெனிஃபர், பத்தாவது. வராந்தா ட்யூப்லைட்டுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்து படிக்கட்டுமா என்று கேட்டாள். அரையாண்டில் கணக்கு போய்விட்டதாம். பப்ளிக்கிலும் போனால் இறால் உரிக்கிற ஷெட்டுக்குத்தான் என்று அவள் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாளாம்.

நம் புத்தி எங்கே போகும்? வீட்டில் அப்பா குடியா, சண்டையா என்று கேட்டுவிட்டேன். பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போனால் திரும்ப நாளாகும். அம்மா லூர்து, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் மீன் விற்கிறவள். காசிமேட்டு ஏலத்துக்கு நடுராத்திரி தாண்டியதும் எழுந்து போக வேண்டும் என்பதால் சாயங்காலமே படுத்துவிடுவாள். இருப்பது ஒரே அறை. லைட் எரிந்தால் அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு முடிவாகச் சொன்னாள்:

"சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல அங்கிள். எங்க வூட்ல ஏழு மணிக்கே நடுராத்திரி, அவ்ளோதான்."

டிவியை அணைத்தவர்கள்

ஒருத்தி வந்தது தெரிந்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். அப்புறம் வராந்தா நிறைந்தது. எல்லாம் மீன்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். நான் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. அப்படியிருக்க ஒரு நாள், வைத்துவிட்டுப் போன கண்ணாடியை எடுக்க எச்.எம். மேடம் திரும்பி வந்தார். வராந்தாவைப் பார்த்து அப்படியே நின்றார். யார்டில் பழைய வேலை இன்னும் காலியாக இருக்குமா என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளைத்தான் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பெற்றோர் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைப்பது அந்தப் பள்ளியில் வழக்கம். அந்த நேரத்தில் அம்மாக்கள் கூடையோடு தெருவில் இருப்பார்கள். அவர்களுக்குப் பதிலாக அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது வந்து, மேடம் சொல்வதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மேடம் வராந்தாப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏழுலேருந்து ஒம்பது வரைக்கும் டிவியை அணைங்கன்னு கூட்டத்துக்குக் கூட்டம் கத்தினேன். அவங்க லைட்டையே அணைச்சிட்டுத் தூங்கிட்டிருக்காங்க. எனக்கு யாருமே சொல்லலையே?"

மறுபடியும் நடத்தியவர்

அடுத்த வாரமே இரண்டு வகுப்பறைகளைச் சாயங்காலம் திறந்துவைக்க ஏற்பாடானது. ஆசிரியர்கள் முறை போட்டு உட்கார வேண்டும். ஒன்பது மணிக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப்போய் அவரவர் தெருவில் விடுவது பி.டி. சார் பொறுப்பு. பெற்றோர் கூட்டமும் மீன் விற்றுத் திரும்பும் நேரத்துக்கு மாறியது.

முதல் முறை கணக்கு சாருடையது. நல்ல மனுஷர், உழைப்பாளி. கையில் சாக்பீஸோடு வந்தவர் பகலில் நடத்திய அதே கணக்கைத் தொடக்கத்திலிருந்து நடத்தினார். இரண்டாம் நாள் கூட்டம் பாதியானது. மூன்றாம் நாள் முன் பெஞ்சில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மீதிப் பேர் பழையபடி என் வராந்தாவில். சார் வெளியே வந்து, வருத்தமாகத்தான், ஏன் என்று கேட்டார். ஜெனிஃபர் எழுந்து நின்று, மரியாதை குறையாமல் சொன்னாள்:

"பகல்ல நீங்க நடத்துனது என்னான்னு யோசிக்கலாம்னு தான் சார் வர்றோம். அதுக்குள்ள மறுபடியும் நடத்துறீங்களே."

அன்றிலிருந்து அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் திருத்துகிறார். சந்தேகம் வந்தவர்கள் எழுந்து அவரிடம் போகிறார்கள். சில நாள் அந்த பெஞ்சைச் சுற்றி நிற்க இடமில்லை.

தூக்கத்தில் கேட்ட விலை

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்த ஒரு சாயங்காலம், ஆறரை மணிக்குச் சங்கிலி ஆடியது. அந்த ஆட்டலே சரியில்லை. வந்தது லூர்து. பெண் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மேடமும் அப்போதுதான் வீட்டுக்குக் கிளம்பி கேட்டுக்கு வந்திருந்தார்.

விஷயம் இதுதான். ஏலத்தில் வாயைத் திறந்து விலை கேட்க வேண்டியதில்லை. ஏலக்காரர் பார்க்கும்போது தலையை அசைத்தாலே கேட்டதாக ஆகிவிடும். ஜெனிஃபர் ஒன்பது மணிக்கு மேல் வீட்டுக்குள் வரும்போது தகரக் கதவு கிறீச்சிடும். லூர்துவுக்கு முழிப்பு வந்துவிடும். அப்புறம் கண் மூடாது. தூக்கம் கெட்டவள் அன்று ஏலத்தில் நின்றபடியே அசந்திருக்கிறாள், தலை தொங்கியிருக்கிறது. குவியல் குவியலாகக் காரப்பொடி மீன் அவள் பேருக்கு முடிந்துவிட்டது. அன்றைக்கு மார்க்கெட் முழுக்க அதே முள்ளு மீன். விற்காமல் பாதியை உப்பு போட்டுக் காயவைத்தாளாம்.

"ரெண்டு தபா தலையாட்டினியே, அவ்ளோ ஆசையா காரப்பொடி மேலன்னு ஊரே சிரிக்குது. படிப்பு உங்களுது மேடம், தூக்கம் என்னுது. நாளையிலேர்ந்து எம் பொண்ணு வராது."

எண்ணெய்

ஜெனிஃபர் அம்மாவின் கூடையைத் தன் தலையில் வாங்கிவைத்துக்கொண்டு நடந்தாள். பரீட்சை பக்கத்தில் வந்துவிட்டது. இந்த அறை இல்லாவிட்டால் அவளுக்கு அடுத்தது இறால் ஷெட்தான். மேடத்துக்கும் அது தெரியும். கல்வியின் அருமையைப் பற்றிப் பேச அந்த வீட்டுக்கே போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அது கதவா, கீலா, எது கத்துகிறது?

தையல் டீச்சரின் மெஷின் எண்ணெய்க் குப்பியைக் கொடுத்து என்னை அனுப்பினார். மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். ஜெனிஃபர் கதவைத் தூக்கிப் பிடிக்க, நான் கீல்களுக்கும் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட்டேன். லூர்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள், தடுக்கவில்லை. ஒரு வாரம் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அதற்குள் சந்தில் கூட்டம் கூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேலையைக் கொறச்சிட்டாங்களா என்று ஒருத்தர் விசாரித்தார். நான் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெண் வழிமறித்தாள்.

"எங்க வூட்டு கதவுந்தான் கத்திகினு கீது நைனா. எம் புள்ள ஆறாவது தான் படிக்குது, பரவால்லியா?"

கத்தாத கதவு

ஒரு வாரம் என்ற லூர்து மூன்றாம் நாளே பெண்ணோடு வந்துவிட்டாள். முகம் முன்னைவிட வாடியிருந்தது. நல்ல வேளை, மேடம் உள்ளேதான் இருந்தார்; கூப்பிட்டேன்.

கதவு கொஞ்சமும் சத்தம் போடவில்லையாம். அதுதான் இப்போது பேஜாராம். முன்பாவது கிறீச் என்று கேட்டால் பெண் வந்துவிட்டாள் என்று தெரியும். முழித்தாலும் மனசு அடங்கும். இப்போது வந்தாளா, இன்னும் தெருவில்தான் இருக்கிறாளா என்று தெரியாமல் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாளாம். எண்ணெயைத் திருப்பி எடுக்க முடியுமா என்று என்னைக் கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை.

துணியால் துடைத்துப் பார்க்கலாம் என்றேன் நான். மேடம் போன் பண்ணலாமா என்று தொடங்கி, மணியடித்தால் மறுபடியும் தூக்கம் போகுமே என்று அவரே நிறுத்திக்கொண்டார். ஜெனிஃபர் என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். லூர்து கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, எங்கள் இருவரையும் நம்பிப் பிரயோசனமில்லை என்று தெரிந்துகொண்டவள் மாதிரி, பெண்ணிடம் திரும்பினாள்.

"வந்ததும் எங்கால ஒரு தபா தொட்டுட்டு அப்பால படுடி. கண்ண தொறக்காமலே நான் தெரிஞ்சிக்கிறேன். போ, போய் படி."

வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் என்ன செய்யலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், கீலுக்கு எண்ணெய்கூடப் போடலாம், ஆனால் அந்த வீட்டில் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது என்பேன்.

பள்ளிக்கூடத்து கேட்டுக்கு மட்டும் இன்னும் எண்ணெய் போடவில்லை. இதோ, சங்கிலி ஆடுகிறது. போய் ட்யூப்லைட்டைப் போட வேண்டும்.