பெரிய எழுத்தில் ஒரு சொல்

அம்சவள்ளிக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. கரும்பு வெட்டும் இடத்தில் நாங்கள் மூச்சு வாங்க உட்கார்ந்தால், அவள் மட்டும் காய்ந்த கரும்புச் சோகையை வாரிக் கட்டிக்கொண்டிருப்பாள். அவள் அசையாமல் நிற்பது ஒரே இடத்தில்தான். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கும்போது.

மலையடிவாரத்துச் சின்னச் சபை எங்களுடையது. பாதிப் பேர் வெள்ளிமலைப் பக்கமிருந்து கூலிக்கு இறங்கி வந்தவர்கள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவள் பதினோரு வருஷமாக எங்களுக்கு வாசித்தாள். யாராவது படுக்கையில் கிடந்தால் அந்த வீட்டுக்கும் போய், பைபிளில் வரும் மோசேயின் பாட்டை வாசித்துவிட்டு வருவாள்.

இந்த வருஷம் கண் மங்கிவிட்டது. கண்ணாடி மாற்றியும் பயனில்லை. யாரிடமும் சொல்லாமல், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாக ஒப்பித்தாள். போன ஞாயிறு போதகர் புதுப் பகுதியைக் கொடுக்க, நாக்கு ஒட்டிக்கொண்டது. காலேஜ் படிக்கும் சந்தியா எழுந்துபோய், போனைப் பார்த்துக் கடகடவென்று வாசித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அம்சவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. "அது போன்லயே படிக்குது. இனிமே நான் இன்னாத்துக்குடி?" என்று என்னிடம் நாலு தரம் கேட்டிருப்பாள். அறுப்பின் பண்டிகைக்கு மோசேயின் பாட்டு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதற்குள் பெரிய எழுத்து பைபிள் வாங்கியே தீருவேன் என்று கிளம்பினாள். துணைக்கு நான் போனேன். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தாள்.

பைபிள் கடைக்காரர் தமிழழகன் மூன்று பைபிள்களை எடுத்து வைத்தார். எது கண்ணுக்கு ஒத்துவருகிறது என்று பார்க்க, மூன்றிலும் மோசேயின் பாட்டையே எடுக்கச் சொன்னாள். முதல் புத்தகத்தைத் தங்குதடையில்லாமல் வாசித்தாள். இரண்டாவதையும் அப்படியே. அவர் குழம்பிப்போனார்.

"பொடி எழுத்தே இவ்ளோ நல்லா படிக்கிறீங்க. இன்னாத்துக்கும்மா இவ்ளோ வெயிட்டத் தூக்கிக்கினு போறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முறைத்தாள்.

மூன்றாவதுதான் பெரிய எழுத்து; தலையணை கனம் இருந்தது. ஆரம்பித்தவள் நாலாம் வசனத்தில் நின்றாள். விரலை வைத்து மறுபடி பார்த்தாள்.

"இன்னாடி இது, 'க' போட்டுக்குது?"

நான் எட்டிப் பார்த்தேன். கன்மலை என்று இருந்தது. எழுத்துக் கூட்டிய நாளில் தப்பாகப் பிடித்ததை வைத்து, இத்தனை வருஷமும் அவள் 'நம்மலை' என்றுதான் வாசித்தாள். "அவர் நம்மலை" என்று அவள் சொன்னதும் சபையே திருப்பிச் சொல்லும். மலையை விட்டு வந்தவர்களுக்கு அது 'நம் மலை'; அந்த இடத்தில் அவர்கள் குரல்தான் ஓங்கும். படிக்கத் தெரிந்த நாங்களும் அவள் குரலைக் கேட்டோமே தவிர, புத்தகத்தைப் பார்க்கவில்லை.

"கன்மலைன்னா பாறைம்மா," என்றார் தமிழழகன். மற்ற இரண்டிலும் அதுவேதான் இருந்தது.

"இதையே குடுங்க," என்றாள் அம்சவள்ளி. அவளைத் தடுக்கி நிறுத்திய புத்தகம்தான் அவள் நிஜமாகவே வாசித்த புத்தகம்.

திரும்பும் வழியில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஜெயம்மா கல்லறைலகூட அதத்தானடி அடிச்சி வச்சிக்கிறாரு!"

வெள்ளிமலைக்காரர் வீரமுத்துவின் மனைவி ஜெயம்மாள், போன வருஷம் செத்துப்போனாள். அவள் கல்லறையில் வீரமுத்து 'அவர் நம்மலை' என்று கல்லில் வெட்டி நட்டிருந்தார். அதை நினைத்து அந்த வாரம் முழுக்க அம்சவள்ளி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தாள். திருத்தி வாசித்தால் அந்தக் கல் பொய்யாகும். பழையபடி வாசித்தால் புத்தகம் பொய்யாகும்.

பண்டிகையன்று அந்த இடம் வந்ததும் "கன்மலை" என்றாள். பழக்கதோஷத்தில் நாங்கள் "நம்மலை" என்றோம். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இத்தினி வருசமா நான்தான் தப்பா படிச்சிக்கினு இருந்தேன். ஜெயம்மா கல்லுலயும் தப்பு என்னாலதான். மன்னிச்சிடுங்க."

வீரமுத்து எழுந்து நின்றார்.

"அவ சாவறப்ப பக்கத்துல குந்திக்கினு நீ படிச்சது அதாங்க்கா. அவ காதுல கடைசியா வுழுந்ததும் அதான். கல்லு அப்பிடியே இருக்கட்டும். நீ மேல படி."

அம்சவள்ளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அவ்வளவு பெரிய எழுத்தும் அன்றைக்குக் கலங்கித்தான் தெரிந்திருக்கும். நல்லவேளை, மீதி அவளுக்கு மனப்பாடம்.