முதலில் ஓடி வந்தவன்

கோட்டு தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெருவுக்கே அவள் கோட்டு அக்கா. அவள் கடையில் இஸ்திரி போடுவது அவளுடைய தம்பி. எள் என்றால் எண்ணெயாக நிற்பான். கடையைச் சாத்தியதும் இருவரும் அவள் வீட்டில் போலீஸ் தொடர் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். யார் திருடன் என்று பந்தயம். தோற்றவர் டீ போட வேண்டும். எப்போதும் அடுப்படிக்குப் போவது தம்பிதான்.

"அதெப்படிக்கா கரெக்டா சொல்ற?"

"முதல்ல ஓடி வந்து உதவி பண்றான் பாரு, அவன்தான்டா."

வாடகை ஏன் ஏறுகிறது, புருஷன் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் போனான், எதுவுமே அவளுக்குப் பிடிபட்டதில்லை. அந்தத் தொடர் ஓடும் நேரம் மட்டும் உலகம் தலையும் வாலுமாகப் புரிந்தது.

ஒருநாள் காலை, கடையில் தைத்து வைத்திருந்த மாப்பிள்ளைக் கோட்டைக் காணோம். மாலையில் கல்யாணம். முதலில் ஓடி வந்து மூலைமுடுக்கெல்லாம் துழாவியவன் தம்பி. மாப்பிள்ளையின் அப்பா போலீசையே கூட்டி வந்துவிட்டார்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?" என்றார் ஏட்டு. தொடரில் வரும் அதே கேள்வி!

"இவன்தான் சார் முதல்ல ஓடி வந்து தேடினான்" என்றாள். நிஜமாகவே சந்தேகப்பட்டாளா, பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டதா, இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை. தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள்.

மதியம் கோட்டு கிடைத்தது. இடம் போதாமல் ஒரே ஹேங்கரில் இரண்டு கோட்டு மாட்டுவது அவள் வழக்கம். ஒரு குண்டு மனிதரின் கோட்டுக்குள் மாப்பிள்ளைக் கோட்டு பத்திரமாக இருந்தது. ஸ்டேஷனுக்கு ஓடினாள். சாயங்காலம்தான் விட்டார்கள்.

"அடிச்சாங்களாடா?"

"இல்ல."

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் டீவியைப் போட்டாள். தொடரில் ஒரு நகைக்கடைக்காரர் பெட்டியைப் பறிகொடுத்துவிட்டுப் புலம்பினார். பக்கத்துக் கடைக்காரர் முதல் ஆளாக ஓடி வந்தார்.

"சொல்லுக்கா, யாரு?" என்றான் தம்பி.

"தெரியலடா."

"எனக்குத் தெரியும்க்கா."

கடைச் சாவியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கூப்பிட வேண்டும் என்றிருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

கடைசியில் பக்கத்துக் கடைக்காரர்தான் திருடன். அவள் கணக்கு சரிதான். டீ போடத்தான் ஆளில்லை.