வலிக்கு ஒரு மாத்திரை

என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன் மேல் மெஷினை விட்டு வெட்டுகிற வேலை. காலையில் மேசை முன் நின்றால் பொழுது சாயும்வரை உட்கார முடியாது. ஆர்டர் நெருக்குகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. அப்படி ஒரு சீசனில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை நன்றாகவே கேட்டது. வலி போன பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. போட்டால் வேலை ஓடியது, மனசு லேசாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார். சீட்டு இல்லாமல் வாங்கித் தர கம்பெனியிலேயே ஆள் இருந்தது.

எனக்கு வெகு நாள் தெரியவில்லை. குடிக்கிறவரை வாடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இவரிடம் வாடை ஏதும் இல்லை. சாப்பிடும்போதே கண் சொருகும். கேட்டால் ஓவர்டைம் அசதி என்பார். ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வருவார். மறுநாள் சொம்பைக் கீழே வைத்த சத்தத்துக்கு எரிந்து விழுவார். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பைக் சந்து முனையில் திரும்பும்போதே, அந்தச் சத்தத்தை வைத்து அப்பா எப்படி வருகிறார் என்று சொல்லிவிடுவாள். வேகமாக வந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பைக் சீட்டுக்கு அடியில் மாத்திரை அட்டைகளைப் பார்த்த பிறகு, தேடுவதே எனக்கு வேலையாகிவிட்டது. நான் ஒரு யூனிட்டில் செக்கிங் பார்க்கிறேன். பகலெல்லாம் பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டையும் கறையும் தேடுவேன். அதே கையோடு வீட்டுக்கு வந்து அவர் சட்டைப் பையைத் தேடுவேன். சாமி படத்தின் முன் சத்தியம் வாங்கினேன். கோயிலில் மந்திரித்த கயிறு கட்டினேன். கம்பெனியிலிருந்து போன் வந்தால் அவருக்குக் காய்ச்சல் என்றேன்.

ஒரு நாள் அவர் ஒரு லாட் துணி முழுவதையும் அளவு மாற்றி வெட்டிவிட்டார். முதலாளி திட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் மாஸ்டர் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். என் கணவர் வீட்டுக்குப் போகாமல் நேராக என் யூனிட் கேட்டுக்கு வந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் வெளியே வந்ததும், "என்னால உட முடியல புள்ள. நானும் எத்தனையோ தடவ பார்த்துட்டேன். எங்கியாச்சும் கூட்டிட்டுப் போ" என்றார். அத்தனை நாளில் அவர் பேசிய முதல் உண்மை அது. எனக்கு அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது.

கோயம்புத்தூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். முதல் வாரம் மூக்கு ஒழுகி, உடம்பு புல்லரித்து, கால் இழுத்து, தூக்கமே இல்லாமல் துடித்தார். இது கொழுப்பும் இல்லை, கெட்ட புத்தியும் இல்லை, மூளை பழகிப்போன நோய் என்று அங்கிருந்த டாக்டர் விளக்கினார். சர்க்கரை நோய் மாதிரி காலத்துக்கும் பார்த்துக்கொள்ள வேண்டியது என்றார். வீட்டாருக்கும் அங்கே வகுப்பு உண்டு. அந்த வகுப்பை எடுத்த ஆலோசகர் அம்மா, பையைத் தேடுவதையும் அவருக்காகப் பொய் சொல்வதையும் முதலில் நிறுத்தச் சொன்னார். பிறகு, மகளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "அப்பாவுக்கு ஒரு சீக்கு கண்ணு. உன்னால வந்ததில்ல. நீ சரி பண்ணோணும்னும் இல்ல" என்றேன். "நான் கணக்குல மார்க்கு கம்மியா வாங்குனதாலன்னு நெனச்சேம்மா" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பி வந்து சில மாதம் நன்றாகவே போனது. அடுத்த சீசன் நெருக்கடியில் ஒரு முறை மறுபடி மாத்திரை போட்டுவிட்டார். ஆனால் அன்று நான் கண்டுபிடிக்கவில்லை. அவரே வந்து சொன்னார். மறுநாள் காலையிலேயே இருவரும் பஸ் ஏறி மையத்துக்குப் போனோம். அதன் பிறகு அவர் கட்டிங் மேசையை விட்டுவிட்டு, உட்கார்ந்து பார்க்கக்கூடிய சாம்பிள் பிரிவுக்கு மாறினார். ஞாயிறுதோறும், இதே பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் போய்வருகிறார்.

போன மாதம் அவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருந்தது. மகளுக்கு லீவு என்பதால் மூன்று பேரும் போனோம். பல் டாக்டர் இளம்பெண். பல்லைப் பிடுங்கி முடித்து, அவர் மருந்துச் சீட்டை இழுத்து எழுதப் போகும்போது என் கணவர் கையை உயர்த்தினார். பஞ்சைக் கடித்திருந்த வாயோடு மெதுவாகப் பேசினார்.

"எனக்கு வலி மாத்திரப் பழக்கம் இருந்துச்சுங்க. இப்ப இல்லீங்க. அந்த மாதிரி எதும் எழுதிராதீங்க."

மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எந்த மாத்திரை என்று விசாரித்தார். பிறகு, சாதாரண மாத்திரையே எழுதுகிறேன், இன்று கொஞ்சம் வலிக்கும் என்றார்.

"வலிச்சுட்டுப் போகுதுங்க" என்றார் இவர்.

ஜில்லென்று ஏதாவது சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதை மகள் பிடித்துக்கொண்டாள். எதிரில் இருந்த பேக்கரியில் அப்பாவுக்கென்று ஒன்றும் தனக்கென்று ஒன்றுமாக ஐஸ்கிரீம் வாங்கினாள். அவரால் பேச முடியாது. பள்ளிக்கூடத்துக் கபடிப் போட்டியின் கதையை அவள் ஒன்று விடாமல் சொன்னாள். வீங்கிய கன்னத்தோடு அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவர் ஐஸ்கிரீமிலும் பாதியை அவளே தின்றாள்.

பிறகு என்னை யூனிட்டில் இறக்கிவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம்வரை வேலை சரியாக இருந்தது. வீட்டில் என்ன நடக்கிறதோ என்று ஒரு தடவைகூட நான் நினைக்கவில்லை.