அசை போடுகிறது என்றது கருவி

செங்கல் சூளை, ரப்பர் தோட்டம், லாரி கிளீனர் என்று எந்த வேலையிலும் ஓராண்டு நிலைக்காத நான், சின்னசேலம் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கொட்டகையில் ஆடு பார்க்கச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய வேலை.

கல்வராயன் மலையிலிருந்து வாங்கிவந்த எட்டு ஆடுகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் பட்டை, மேலே கேமரா. ஆடு எவ்வளவு நேரம் படுக்கிறது, நடக்கிறது, அசை போடுகிறது என்று கருவியே கணக்கெடுத்து, அது நலமா என்று சொல்லும். நலமென்றால் என் போனில் பச்சைக் கோடு. பதிவு ஓடும்போது யாரும் உள்ளே போகக் கூடாது. ஆளைக் கண்டால் ஆட்டின் நடத்தை மாறிவிடுமாம்.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். மிச்சத்தை ஆடு மாடுகளுக்கு ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். மேய்ச்சல் முடிந்து திரும்பிய ஆடுகளில் மெலிந்து கிடந்த ஒன்றுக்கு மட்டும், கேமரா எட்டாத வாசலில், ஒரு குண்டான் கூழும் சோறும் வைத்தேன். சோறு மிஞ்சினால் ஆட்டுக்கு வயிறு புளித்து உப்பும் என்று தெரியும்; ஆனால் சாமிக் கூழ் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அது தீவனத்தைத் தொடாமல் மூலையில் நின்றது. கம்பிவலைக்கு வெளியே நின்ற எனக்கே அதன் பல் அரைபடும் சத்தம் கேட்டது. ஆராய்ச்சி செய்த கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் ஓடினேன்.

"மேடம், அது பல்லக் கடிச்சிக்கினு நிக்கிது. வலி போல."

அவர் கணினியைக் காட்டினார். "நல்லா அசை போடுதுங்கண்ணா. மத்ததவிட ஜாஸ்தியாவே."

"தாடை ஆடுது மேடம். ஆனா தொண்டையில ஒண்ணும் ஏறி எறங்கல."

"நீங்க இருக்கப்போ இந்தப் பட்டையெல்லாம் எதுக்குங்கண்ணா வாங்கினோம்?" என்று சிரித்தவர், சட்டென்று கேட்டார்: "புதுசா ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

இந்த வேலையும் போனால் சூளைக்குத்தான் திரும்ப வேண்டும். அதனால் கருவியையே நம்பப் பார்த்தேன். நொடிக்கொரு தரம் போனை எடுத்தேன். பச்சை. பச்சை.

உச்சி வேளையில் ஆடு படுத்தது. வயிறு உப்பிக் கிடந்தது. கழுத்து பின்னால் வளைந்தது. அப்போதுதான் வாய் திறந்தேன்.

"நாந்தான் கூழும் சோறும் ஊத்தனேங்க. நேத்து சாயங்காலம்."

"காலையில கேட்டேனேங்கண்ணா!"

டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே சோடா உப்பைக் கரைத்தார். நான் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் புகட்டினார். பாதி வெளியே வழிந்தது. டாக்டர் வந்து சேருமுன் ஆடு என் மடியிலேயே செத்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் கணினிமுன் உட்காரவைத்தார்.

"வலி படத்துல எங்கேர்ந்து ஆரம்பிக்குதுன்னு நீங்கதான் சொல்லணும். கருவிக்கு அத வெச்சுத்தான் சொல்லித்தரணும்."

முந்தின நாள் கேமராவில் பதிவான படத்தை மெதுவாக ஓட்டினார். தாடை ஆடிய இடத்திலெல்லாம், "இங்க வலி, இங்கயும் வலி" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வெயில் ஏற ஏற ஆடு வலைப் பக்கம் வந்து, வெளியே நின்ற ஆளின் முழங்காலில் கம்பியோடு சேர்த்து முகத்தை வைத்துத் தேய்த்தது. அந்த ஆள் குனியவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க?" என்று கேட்டார்.