பரமட்டாவில் எத்தனை ரொஷெல்கள்

கிரிஜாவைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எழுபத்து நாலாம் ஆண்டு சிட்னியின் பரமட்டாவில் எங்கள் ஃப்ளாட்டுக்கு மேல்வீட்டில் அவளும் புருஷன் மகேந்திரராஜாவும் குடிவந்தார்கள். நல்லூர்ப் பெட்டை, வயிற்றில் நாலு மாதம். யாழ்ப்பாணத்தில் அப்போது தொலைக்காட்சி என்ற சாமானையே எவரும் கண்டதில்லை. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியை மகேந்திரராஜா போட்டுக் காட்டிய அன்று, செய்தி வாசித்தவன் "குட் ஈவினிங்" சொல்ல, இவள் கதிரையை விட்டு எழும்பி நின்று திருப்பிச் சொன்னாளாம். நான் வயிறு நோகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"யோகா அக்கா, ஒரு மனிசன் வீட்டுக்குள்ள வந்து நேர முகத்தைப் பாத்துக் கதைக்கிறான். உங்களுக்கு இது அதிசயமாத் தெரியேல்லையோ?" என்று கேட்டாள்.

எங்கள் பெண்கள் தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில்தான் பெறுவார்கள். இவளுடைய தாய் கடல் கடந்து இருந்தாள். மகேந்திரராஜா ரயில்வே வேலை முடிந்து வர இருட்டிவிடும். எனக்கோ பிஸ்கட் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். அவளுக்குத் துணை என்று இருந்தது ஏழு மணி நாடகம்தான். ஏதோ ஒரு நாட்டுப்புறத்து ஆஸ்பத்திரியின் கதை அது. அதில் ரொஷெல் என்று ஒரு நர்ஸ். பிள்ளை பெற வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே, மூச்சை மெல்ல விடு என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கிரிஜாவும் கதிரையில் இருந்தபடி மூச்சை மெல்ல விடுவாள். அவளுடைய இங்கிலீஷில் பாதி அந்த நர்ஸிடம் படித்தது.

பிள்ளை பிறந்தபோது பார்க்கப் போனேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு கூத்தை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. தொட்டில் தொட்டிலாக ரொஷெல்! இத்தாலிக்காரியின் பிள்ளை ரொஷெல், லெபனான்காரியின் பிள்ளை ரொஷெல், பக்கத்துக் கட்டிலில் இருந்த வெள்ளைக்காரியின் பிள்ளையும் ரொஷெல். எங்கள் கிரிஜாவின் பிள்ளைக்கும் அதே பெயர்தான். நர்ஸ்மார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டுக் கட்டில் நம்பரைச் சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

"உனக்கு வேறை பேரே கிடைக்கேல்லையோடி?" என்று ஏசினேன்.

அவள் சுற்றிவரப் பார்த்தாள். கண் முட்ட நீர். "நான் மட்டும்தான் அந்தப் பெட்டிக்கு முன்னாலை தனிய இருந்தனான் எண்டு நினைச்சன் அக்கா. இவையள் எல்லாரும் இருந்திருக்கினம்," என்றாள்.

நானும் அந்தத் தொட்டில்களைத் திரும்பப் பார்த்தேன். ஒருவரையொருவர் கண்டறியாத இத்தனை பெண்கள், தங்கள் தங்கள் வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பெயரைப் பிடித்திருக்கிறார்கள். மகேந்திரராஜாவும் பெண்சாதி பட்ட பாட்டைக் கண்டவன், அந்தப் பெயருக்கு ஓம் என்றுவிட்டான்.

பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை ஒரு குறையும் இல்லை. எழுபத்தேழில் அந்த நாசமாய்ப் போவார் நாடகத்தில் ரொஷெலைச் சாகடித்தார்கள். மழை வெள்ளத்தில் பிள்ளைத்தாச்சி ஒருத்தியைக் காப்பாற்றப் போன நர்ஸ் காரோடு அள்ளுப்பட்டுப் போனாள். நடிகை வேறு வேலைக்குப் போகிறாள் என்று பேப்பரில் எல்லாம் போட்டிருந்தார்கள்தான். அடுத்த நாள் காலமை மேலே ஏறிப் போனேன். குசினியில் அடுப்பு மூட்டவில்லை. கிரிஜா தலைமுழுகி, ஈரத் தலையோடு நிலத்தில் இருக்கிறாள். சுவாமிப் படத்துக்கு விளக்கும் இல்லை.

"என்னடி இது கோலம்?"

"செத்த வீட்டுத் துடக்கு அக்கா."

"விசரே உனக்கு? நாடகத்திலை செத்தவளுக்கு நீ துடக்குக் காக்கிறியோ? எட்டாம் நாள் படைச்சு எட்டுச் செலவும் செய்யப் போறியோ?" என்று கத்தினேன். ஆனால் முந்தின இரவு நானும் தலையணை நனைய அழுதவள்தான்.

அது அதோடு முடிந்திருக்கும். அந்தக் கிழமையே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மகேந்திரராஜா பேயறைந்தவன் மாதிரி நின்றான். இளவயதில் போனவளின் பெயரை உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வைத்திருக்கலாமா? எங்கள் ஆட்களில் எவர் சம்மதிப்பார்கள்?

"அது வெறும் நாடகமப்பா," என்றாள் கிரிஜா.

"நாடகம் எண்டால் நீ ஏன் தலைமுழுகினனி?"

தன் கையாலேயே அந்தச் சாவை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள், பாவி. காய்ச்சல் மாறியும் அவனுடைய பயம் மாறவில்லை. ரோகிணி நட்சத்திரத்துக்கு 'வ' எழுத்தில் வதனி என்று பெயர் பார்த்தான். வீட்டில் அப்படியே கூப்பிடத் தொடங்கினான். வருகிற திங்கட்கிழமை லீவு எடுத்து, அரசாங்கப் பதிவிலும் மாற்றுவது என்று தீர்மானம். கிரிஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. "தாயும் இல்லாமல், சகோதரமும் இல்லாமல் அந்தப் பேரைப் பிடிச்சுக்கொண்டுதான் அக்கா நான் பெத்தனான்," என்று என் மடியில் விழுந்து அழுதாள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை, கடைத்தொகுதியின் மேல்தட்டில் புதுக் கடை ஒன்றைத் திறக்க அந்த நடிகை வருகிறாள் என்று அறிந்தோம். கிரிஜா புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "அவ சாகேல்லை. உங்கடை கண்ணாலை ஒருக்கால் வந்து பாருங்கோ. பிறகு நீங்கள் சொன்னபடி செய்யிறன்." அவன் முறுகிக்கொண்டே வந்தான். நானும் போனேன், விடுவேனா?

அங்கே நின்ற கூட்டத்தை என்னவென்று சொல்ல! தள்ளுவண்டியும் பிள்ளையுமாக, பெண்கள், பெண்கள், பெண்கள். நடிகை மேடையில் ஏறிக் கை காட்டினாள். கிரிஜா என் கையை நசுக்கிவிட்டாள். உயிரோடு, சிரித்துக்கொண்டு, நர்ஸ் உடுப்பில்லாமல் மஞ்சள் சட்டையில் நின்றாள் அவள். ரொஷெல் என்ற பெயருள்ள பிள்ளைகளைத் தூக்கிக் காட்டச் சொல்லி மைக்கில் கேட்டாள். ஐயோ கடவுளே! கூட்டம் முழுக்கப் பிள்ளைகள் மேலே எழும்பின. நடிகை வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிரிஜா புருஷன் பக்கம் திரும்பி, "அப்பா, பிள்ளையைத் தூக்குங்கோ," என்றாள்.

மகேந்திரராஜாவின் கையில் பிள்ளை இல்லை.

கூட்டம் நெருக்கிய நெருக்கில் எப்போது கை வழுகியதோ தெரியாது. நான்தான் முதலில் கண்டேன். அங்கால், கீழே இறங்குகிற எஸ்கலேட்டரின் வாசலில் தன்னந்தனியே நிற்கிறாள். படி ஒவ்வொன்றாக முளைத்துக் கீழே போவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு. ஒரு காலைத் தூக்கிவிட்டாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே அவ்வளவு சனம்.

"வதனி!" என்று கத்தினான் மகேந்திரராஜா. "வதனி! வதனி!"

பிள்ளை திரும்பவில்லை.

"ரொஷெல்!"

அந்த மனிதனுக்குள் அப்படியொரு குரல் இருந்ததை நான் அன்றுதான் அறிந்தேன். அங்கே நின்ற அத்தனை பிள்ளைகளும் திரும்பினார்கள். தாய்மார் திரும்பினார்கள். மேடையில் நின்ற நடிகையும் திரும்பினாள். எஸ்கலேட்டர் வாசலில் நின்ற எங்கள் குஞ்சும் தூக்கிய காலைத் திரும்ப நிலத்தில் வைத்து, தகப்பனைத் தேடிப் பார்த்துச் சிரித்தது.

அவன் சனத்தைப் பிளந்துகொண்டு ஓடிப்போய் அள்ளினான். நாங்கள் போய்ச் சேரும்போது பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தான். கிரிஜா பிள்ளையைக் கேட்டுக் கையை நீட்டினாள். கொடுக்கவில்லை.

"இந்தப் பேருக்குத்தானே அக்கா திரும்பினவள்," என்றான் என்னைப் பார்த்து.

பெயர் வைக்கும்போது தகப்பன் பிள்ளையின் காதில் மூன்று முறை அதைச் சொல்வது எங்கள் வழக்கம். எங்களுக்குத் தெரிந்த ஐயர் ஒருவரும் சிட்னியில் இல்லாததால் இவளுக்கு அது நடக்கவே இல்லை. மகேந்திரராஜா அந்த எஸ்கலேட்டர் வாசலில் இருந்தபடியே குனிந்து, பிள்ளையின் காதில் வாயை வைத்தான்.

"ரொஷெல்," என்றான்.

பிள்ளை கூசிச் சிரித்தது. அவன் இரண்டாம் முறையும் சொன்னான். மூன்றாம் முறை சொல்லும்போது அவனுக்குக் குரல் வரவில்லை. கிரிஜாதான் பக்கத்தில் குந்தியிருந்து அதைச் சொல்லி முடித்தாள்.