ஒற்றைக்கால் கடல் காக்கை

நான் என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னதைத் துரைக்கண்ணு நம்பவில்லை. அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

துரைக்கண்ணு திண்டிவனம் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். கெடார் பக்கம் கேப்பையும் மல்லாட்டைக் கடலையும் பயிர் வைக்கிற குடும்பம். இருபத்தைந்து வயதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. நான் மரக்காணத்து உப்பு லாரி ஓட்டுகிறவன். ஒரு லீவு நாளில் சும்மா என்னோடு வண்டியில் வந்தான். லோடு ஏற்ற இரண்டு மணி நேரமாகும். அதற்குள் மீனவர் குப்பத்துக் கரைக்கு நடந்து போய்விட்டு, பித்துப் பிடித்தவன் மாதிரி திரும்பி வந்தான். அதற்குப் பிறகு எந்த லீவையும் அவன் வீட்டில் கழிக்கவில்லை.

உள்ளான், ஆலா, உப்புக்கொத்தி என்று கரைப் பறவைகளின் பெயரைக் குப்பத்து ஜனங்கள் சொல்லச் சொல்ல ரயில்வே தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வான். அவன் பெண்சாதி தையல்நாயகி என்னிடம்தான் சண்டைக்கு வருவாள்.

"ஏண்ணே, வாராவாரம் கடலுக்குப் போறாரே, ஒரு நாளாவது ரெண்டு மீன் வாங்கியாந்தாரா? பறவ பாக்குறாராம், பறவ!"

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் ஒரு கடல் காக்கையைப் பார்த்தான். பேருக்குத்தான் காக்கை, உடம்பு வெள்ளை. மற்றதெல்லாம் மணலில் ஓட, அது மட்டும் தத்தித் தத்திப் போனது. வலது கால் பாதியோடு போயிருந்தது. வலைக்கயிறு சுற்றி அறுந்திருக்கும் என்று கருவாடு காய வைக்கிற காசியம்மாள் சொன்னாள். கோடையில் எங்கோ போய்விட்டு, அடுத்த ஐப்பசியில் அதே கரைக்கு அது திரும்பி வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. அவனுக்கு ஐப்பசி பிறந்தால் தீபாவளி நினைவு வராது, இதுதான் வரும். காசியம்மாள் கிண்டல் பண்ணாமல் விடமாட்டாள்.

"வாங்க ரயிலுக்காரரே! உங்க மாப்புள இன்னும் வரலீங்க. பொண்ணு புடிக்கலியோ என்னமோ!"

"வருவாரும்மா. நொண்டி நடந்து வரணுமில்ல?" என்பான். ஏழு வருஷமும் வந்தது.

அறுபத்திரண்டில் அவன் வயிற்றில் கட்டி. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்த ஐப்பசி முழுக்கப் புயலும் மழையும். ஓட்டின்மேல் மழை விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், "இந்தக் காத்துல அது எங்கப்பா தாங்கும்?" என்பான். தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

மழை விட்டதும் லோடுக்குப் போனேன். கரையில் கட்டுமரத்தின் ஓரம் ஒரு கடல் காக்கை ஒற்றைக்காலில் நின்றது. நான் பார்த்தேன். வந்ததும் வராததுமாக அவன் கட்டிலுக்கு ஓடினேன்.

"தொரை, வந்திருச்சிப்பா! ஒத்தக்கால்ல நின்னுக்கினு இருக்குது!"

முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"தத்துனதப் பாத்தியா?"

"இல்ல."

"பறந்துச்சா? பறந்தா காலு தெரியுமே."

"நின்னுக்கினு இருக்குதுன்றேன், அப்புறம் என்னா பறந்துச்சா?"

"யோவ் பச்சமுத்து, அது தூங்கிக்கினு இருந்திருக்கும்யா. எல்லாக் கடல் காக்காயும் ஒரு கால மடக்கிக்கினுதான் தூங்கும். ஏழு வருசமா கூட வந்து என்னாத்த பாத்த நீ?"

தண்ணீர்ச் சொம்போடு நின்ற தையல்நாயகி சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. எனக்குத்தான் முகம் செத்துப்போனது.

"லோடு ஏத்துனதும் கெளம்பலன்னா ஓனர் கத்துறான். உன் காக்காய எழுப்பி காலு எண்ணச் சொல்றியா?" என்று கத்தினேன்.

பறந்தது, தத்தியது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது என் வாயில் வரவில்லை. நான் பார்த்தது அந்த நொண்டிதான் என்று இப்போதும் சொல்வேன்.

கிளம்பப் போன என்னைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். பிடியில் பலமே இல்லை.

"நாளைக்கு லோடு இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப இன்னொரு வாட்டி போ. கல்லு விட்டு எறியாத, பயந்துக்கும். காசியம்மாகிட்ட ஒரு மீன் தலைய வாங்கிப் போடு. ஓடி வருதா, தத்தி வருதான்னு நின்னு பாரு. தத்தலன்னா தத்தலன்னே வந்து சொல்லு, என்னா?"